மூன்றாம் வகுப்பில் ஒருத்தி

அந்த ஆண்டு என் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு மாணவிதான் இருந்தாள். மலேசியாவில் பாகான் டத்தோ பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் தமிழ்ப்பள்ளி அது. தோட்டத்து வீடுகளை விட்டு ஆட்கள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவளுடைய அப்பா மட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டு தங்கியிருந்தார்.

நான் பக்கத்து ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். மாலையில் பேச்சுத்துணை என்றால் கைப்பேசிதான். பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி, கல்யாணமாகித் திருச்சிக்குப் போய் அங்கே ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். அவள் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். நியூசிலாந்தில் ஆசிரியையாக இருக்கும் என் அண்ணன் மகளுக்கு இருபத்தாறு பேர், கூடவே ஓர் உதவியாளர். அதுவே அதிகம் என்று பெற்றோர் குறைப்படுகிறார்களாம்.

"நீ கொடுத்துவச்சவடி. நோட்டுத் திருத்தியே என் ஞாயிற்றுக்கிழமை போயிடுது," என்றாள் தோழி.

எனக்குத் திருத்த ஒரு நோட்டுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவளிடம் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் அந்தப் பிள்ளை கண்கள் சிவந்து வந்தாள். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. அம்மா படுக்கச் சொல்லியும் அடம்பிடித்து வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று கடிந்துகொண்டேன்.

"நான் வராட்டி நீங்க யாருகூட டீச்சர் பேசுவீங்க?" என்றாள்.

அவளை என் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து அவளுடைய நாற்காலியைப் பார்த்தபடி மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள் என்பது வெட்கமாக இருந்தது.

அடுத்த விடுமுறையில் அவள் அப்பாவுக்கு ஈப்போ நகரத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். எனக்கு நான்காம் வகுப்பின் மூன்று பிள்ளைகளைக் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு பயிற்சிக்காக ஈப்போ போனபோது அவள் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். வகுப்பில் முப்பத்தொன்பது பேர். கையைத் தூக்காமலே பதில் சொல்லிவிடுகிறாள், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை என்று அவளுடைய ஆசிரியை வருத்தப்பட்டார். என்னிடம் அவள் கையைத் தூக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார்.

ஓய்வு நேரத்தில் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். பின்னாலேயே நான்கு தோழிகள். யாரோடு எப்படிப் பழக்கமானாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவளுக்காக வாங்கிய வண்ணப் பென்சில் பெட்டி என் பையில் இருந்தது. அத்தனை முகங்களுக்கு முன்னால் ஒருத்திக்கு மட்டும் எடுத்து நீட்ட மனம் வரவில்லை.

"கூப்பிடுறாங்க டீச்சர், நான் போலாமா?"

போ என்றேன். அவள் போனதும் அந்தக் கூட்டத்தில் அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை அவளிடம் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, என் ஊருக்கு, கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் காரைத் திருப்பினேன்.