உப்புப் போட்ட ஐஸ்

பத்தாவதுக்கு மேல் படிக்காதவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். எழுத வந்தது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா ராயபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருடைய தங்கை, என் அத்தை, அத்திப்பட்டில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டிருந்தாள். முந்தின தடவை எல்லாவற்றையும் புழு தின்றுவிட்டது. இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு கோடையில் அத்தை, விவசாய ஆபீஸில் கொடுத்த அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாதா கோயில் திருவிழா முடிந்து ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. அட்டை முழுக்க மணல் ஒட்டினாற்போல் கறுப்பு முட்டைகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவி ஒன்று இருக்கிறதாம். அது வெளியே வந்து, வெண்டையில் அந்துப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடி, அவற்றுக்குள் தன் முட்டையை வைக்குமாம். அப்புறம் புழுவே பிறக்காதாம். வெக்கை பட்டால் முன்னாடியே பொரித்துவிடும், குளுமையாக வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"தண்ணிப்பானை பக்கத்துல வைக்கவா அண்ணி?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஐஸ் கம்பெனிக்காரன் வூட்டுக்கு வந்துகினு பானையா? வஞ்சிரமே நம்ம ஐஸ்ல மூணு நாளு அசையாம கீது!"

"அது செத்துப்போன மீனு. அசையாமத்தான் கெடக்கும்" என்றாள் அம்மா.

"நீ கம்முனு இரு."

தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, குளிர் ஏற இரண்டு கை கல்லுப்பும் தூவி, கவரில் சுற்றிய அட்டையை நடுவில் புதைத்தார். ஞாயிறுவரை ஐஸ் மாற்றிக்கொண்டே இருந்தார்.

காய் பறிக்கும் சமயம் அத்தை ஒரு பை வெண்டைக்காயோடு வந்தாள். அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணுகூட வெளிய வரல அண்ணி. லேசா குளுந்தா தூங்குமாம், ரொம்பக் குளுந்தா எந்திரிக்கவே எந்திரிக்காதாம். நிலத்த திருப்பிக் குடுத்துட்டோம். அண்ணன் கைல சொல்லாத."

அப்பா வந்ததும் கேட்டார்: "இன்னாம்மே, அந்த அட்டைல இருந்த கொசு வேலை செஞ்சுதா?"

"உன் ஐஸ்தான் ண்ணா காப்பாத்திச்சு."

அம்மா தலை நிமிரவில்லை. காய்க்குக் காய் ஓட்டை விழுந்த பக்கத்தை வெட்டி, பழைய பேப்பருக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு பொடியாக வெண்டைக்காய் நறுக்கி நான் பார்த்ததில்லை. பொய் சொல்வது பாவம் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நிலத்தைத் தோற்றவளே ஏன் சிரித்துக்கொண்டு அதைச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பா கம்பெனிக்கு டிபன் பாக்ஸ் நிறைய வெண்டைக்காய்ப் பொரியல் எடுத்துப்போனார்.