மீரானிடம் எழுதிக்கொடுத்த மூன்று சாக்குகள்

இன்று ஆடி மூன்றாம் நாள். எனக்கு வயது எழுபத்தொன்பது ஆண்டு, இரண்டு மாதம், ஐந்து நாள். என்னை மறதிக்காரியாக்க விரும்புகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்து நாட்களுக்கு முன், வழக்கம்போல் காலை ஆறு பத்துக்கு மீரானின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "இன்னும் மாடி ஏறல, காப்பி குடிக்கேன்" என்றேன். மறுமுனையில் அவர் மனைவி. "ஆச்சி, அவுக மவுத்தாயிட்டாக" என்றார். நெஞ்சுவலி. ஐம்பத்தோரு வயது.

துக்க வீட்டு வாசலில் ஒருவர், "போன் போட்டு செஞ்சீங்களான்னு கேக்கதெல்லாம் ஒரு தொழிலா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஒம்மகிட்ட அப்படிக் கேக்க ஒரு ஆளு இருக்கா அண்ணாச்சி?" என்றேன். அவர் தம் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

இதைப் படிக்கும் உங்களில் பலரையும் மீரான் தினமும் அழைத்து அப்படிக் கேட்டவர்தான். வளைகுடாவில் கட்டட வேலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டுத் திரும்பி, தென்காசியில் 'கோச்சிங்' என்று பலகை மாட்டினார். அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் பாடப்புத்தகம் கேட்டு வந்தார்கள். "என்ன செய்யப்போறீகன்னு நீங்க சொல்லுங்க. செஞ்சீகளான்னு நான் கேக்கேன். அவ்வளவுதான்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து நான் தேறிவந்தபோது, பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆறு மாதம் தவணை கொடுத்தான். அதற்குள் நானே மாடிப்படி ஏறி இறங்காவிட்டால், தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போக வேண்டும். பதினாறு படிகள். மேலேதான் என் புத்தகங்களும் கட்டிலும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளைப் பன்னிரண்டாம் மாடியில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைப்பது அவன் திட்டம். நான் மீரானை வரவழைத்தேன்.

முதல் நாள் ஒரு தாளை நீட்டினார். இலக்கை எழுதினேன். "இப்போ, ஏறாம இருக்க நீங்க சொல்லப்போற சாக்கு மூணையும் எழுதுங்க" என்றார்.

"நான் ஏன் சாக்குச் சொல்லப்போறேன்?"

"கட்டடத்து உச்சியில பெல்ட் போடாத ஒவ்வொருத்தனும் மூணே காரணந்தான் சொல்லுவான், ஆச்சி. விழுந்தவனும் அதையேதான் சொன்னான்."

எழுதினேன். ஒன்று, சாரல். இரண்டு, முழங்கால். மூன்று, வீட்டு வேலைக்கு வரும் செல்வி வரவில்லை.

ஒரு சாரல் நாளில், "ஐந்தருவியே இங்கன வந்து விழுத மாதிரி இருக்கு, மீரான். படியெல்லாம் ஈரம்" என்றேன்.

"படிக்கு மேல தகரம் போட்டிருக்கீக. அது ஒண்ணாம் நம்பர்."

"செல்வியும் வரல."

"மூணு."

"ஒமக்கு வேற சோலியே இல்லையா?"

"இருக்கு. நீங்க ஏறினதும் போவேன்."

வைதுகொண்டே ஏறினேன்.

அம்மா உண்மையிலேயே ஏறுகிறாரா என்று என் மகன் அவரை அழைத்து விசாரித்திருக்கிறான். "அவங்க சொன்னத அவங்ககிட்டதான் கேப்பேன், சார். நீங்க ஏதாவது செய்யுதேன்னு சொல்லுங்க, ஒங்ககிட்டயும் கேக்கேன்" என்று பதில் வந்திருக்கிறது. மகன் இதை என்னிடம் புகாராகச் சொன்னான். அன்று நான் இரண்டு முறை ஏறினேன்.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, "ஏறினீகளா?" என்றார். "இல்லை" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. "இன்னைக்கு எத்தனை மணிக்கு?" என்றார். பத்து என்றேன். பத்து மணிக்கு அழைத்து, நான் மேலே போய்ச் சேரும்வரை வாய் திறக்காமல் தொடர்பில் இருந்தார். பிறகு சொன்னார்: "இல்லன்னு சொன்னீக பாருங்க, அதான் இன்னைக்குப் பெரிய வேலை."

ஆறாம் மாதம் மகன் வந்தான். கீழே நின்று பார்த்தான். நான் ஏறி, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் தனியாகத் திரும்பிப் போனான்.

மீரானிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த 'இல்லை'யை. காரணம் ஒட்டாத 'இல்லை'. அதை முழுவதுமாகச் சொல்ல, அவர் இருந்தவரை எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் காலைக்கு முந்தைய பதினோரு நாட்களும் "ஏறினேன்" என்று அவரிடம் பொய் சொன்னேன். அதில் முதல் நாள் ஏழாவது படியில் விழுந்திருந்தேன். செல்வி வரும்வரை இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தேன். இளைப்பாற உட்கார்ந்தேன் என்று அவளிடமும் சொன்னேன். தெரிந்திருந்தால் மகனின் கார் அன்றே வந்திருக்கும்.

இதை அவன் படிப்பான். படிக்கட்டும். மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.