யசுயோவின் லிஃப்ட்

கோட்டையிலிருந்து லிஃப்டைப் பிடுங்கிவிடப் போகிறார்களாம். இந்தச் சேதி யசுயோவுக்கு டோஃபு கடையில்தான் கிடைத்தது. கடைக்காரியின் கொழுந்தன் நகரசபை உறுப்பினர் ஒருவரோடு குடிக்கப் போகிறவன். அவர் சொல்லி, அவன் சொல்லி, இவள் சொன்னது. கான்கிரீட் கோட்டையை இடித்துவிட்டுப் பழையபடி மரத்திலேயே கட்டுவார்களாம். "நெசமான கோட்டையில லிஃப்டு ஏது?" என்று சிரித்த பிறகுதான் எதிரில் நிற்பது யாரென்று கடைக்காரிக்கு உறைத்தது. சட்டென்று வறுத்த டோஃபு ஒரு துண்டை இனாமாகப் பையில் போட்டாள்.

அந்த லிஃப்டை இயக்குகிறவளே யசுயோதான். கருநீலச் சீருடை, வெள்ளைக் கையுறை, கதவு திறக்கும்போது ஒரு முறை குனிவது, மூடும்போது ஒரு முறை. பழைய கோட்டை போரில் எரிந்துபோனது. ஊர்க்காரர்கள் பணம் போட்டு அதே கல் மேடையின் மேல் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரும் வளைந்த கூரையுமாக அச்சு அசல் கோட்டை. உள்ளே நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிகளில் கவசமும் வாளும் வைத்த அருங்காட்சியகம், நடுவில் இவளுடைய லிஃப்ட். வெளியூரிலிருந்து வருகிற ஆண்களில் ஒருவராவது தினமும் அதே கேள்வியைக் கேட்பார்: அந்தக் காலத்தில் கோட்டையை ஆண்ட பிரபுவும் இதில்தான் ஏறிப் போனாரா? "இல்லீங்க. அவருக்கு முழங்கால் நல்லா இருந்துச்சு" என்பாள் யசுயோ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். லிஃப்ட் மொத்தமும் சிரிக்கும்.

வேலை போவது பற்றி அவளுக்குப் பெரிய கவலையில்லை. கவலை கென்சோவைப் பற்றி. அவள் கணவன் கூரை ஓடு வேய்ந்துகொண்டிருந்தவன். ஒரு புயலுக்குப் பிறகு கோயில் கூரையில் ஓடு மாற்றும்போது விழுந்தான். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். மாதத்துக்கு ஒரு முறை, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, மூடுவதற்குச் சற்று முன் வருவான். யசுயோ அவனை உச்சி மாடிக்குக் கொண்டுபோய்க் கம்பி வரை தள்ளி நிறுத்துவாள். ஆறு, பள்ளி மைதானம், தங்கள் வீட்டின் நீல ஓடு, ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டுவாள். உயரத்திலேயே வாழ்ந்தவன் தரையோடு தரையாகக் கிடக்கிறானே, இதாவது இருக்கட்டும் என்று நினைப்பு. மேலே காற்றில் அவன் விரல்கள் வெளுத்து நாற்காலியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, கம்பளிக் கையுறை ஒன்று பின்னிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் அது உள்ளே ஈரமாக இருக்கும். துவைத்துக் காயப்போடுவாள்.

வதந்தி உண்மை என்று சொல்ல இசோபேயே வந்துவிட்டார். தெருச் சங்கத் தலைவர், மரக்கோட்டைக் குழுவிலும் அவர்தான் முன்னால் நிற்கிறவர். கென்சோ விழுந்த வருஷம் இவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு போட்டுக் கொடுத்ததும் இவரே. சனிக்கிழமை ஊர்க்கூட்டம், எல்லாரிடமும் முன்கூட்டியே பேசி முடித்தாயிற்று, யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, பார்வையை வேறு பக்கம் வைத்து, "ஒங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே, யசுயோ-சான்?" என்று கேட்டார். அவள் வழக்கம்போல இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இப்படி ஒரு பதிலை இசோபே எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்வதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை கென்சோ வரும் நாளாகவும் அமைந்தது. உச்சி மாடியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து பேசப் போகிறேன் என்று யசுயோ சொன்னாள். உனக்காக லிஃப்ட் வேண்டும் என்று கேட்கப் போகிறேன், இசோபே முகத்தில் விழிக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை.

கென்சோ மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பின்னால இழு" என்றான். "இன்னும் கொஞ்சம். செவுரு வரைக்கும்."

இழுத்தாள்.

"எனக்கு மேல வந்தாலே பயம், யசுயோ. விழுந்ததுலேர்ந்து."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அவனுடைய கம்பளிக் கையுறையைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். ஈரம்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு, கதவத் தெறந்து, குனிஞ்சு, என்னைய ஒரு பிரபு மாதிரி ஏத்திக்கிட்டு வருவ. அதுக்குத்தான் வந்தேன். மேல வந்ததும் மலைய மட்டும் பாப்பேன். கீழ பாத்தா செத்தேன்."

"நீல ஓடு தெரியுதான்னு கேட்டப்பல்லாம் தெரியுதுன்னியே."

"அத வேஞ்சவனே நான்தான. பாத்துத்தான் சொல்லணுமா?"

யசுயோவுக்குச் சிரிப்பு வந்தது; பாதியிலேயே நின்றும் போனது. நாளைக்குச் சொல்ல வைத்திருந்த ஒரே காரணம் கையைவிட்டுப் போயிருந்தது. நடக்க முடியாத புருஷனுக்காக ஒரு பெண்டாட்டி எழுந்து நின்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். தனக்கு வேண்டும் என்று கேட்கிறவளை? இந்தத் தெருவில் யாரும் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் வேண்டும்தான். போன வாரம் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் வந்தாள். இந்தக் கோட்டை எழும்பியபோது சிறுமியாகப் பள்ளிக்கூட உண்டியலில் காசு போட்டவளாம். உச்சியில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது யசுயோவின் கையுறைக் கையைக் கடைசி வரை விடவில்லை. அந்த அம்மாள் நாளைக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை.

லிஃப்டில் அவனை ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். ஆளில்லாத மாடியைப் பார்த்து வழக்கம்போலக் குனிந்தாள். கதவு மூடியது.

"அப்ப நாளைக்கு யாருக்காகப் பேசப் போற?" என்றான் கென்சோ, கிண்டலும் இல்லாமல் கனிவும் இல்லாமல்.

அவள் பதில் சொல்வதற்குள் சீருடைப் பையில் போன் அதிர்ந்தது. இசோபேயின் பெயர். கீழே வந்து கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை. கதவு மூடாமலிருக்கப் பொத்தானை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி போனைக் கென்சோவின் மடியில் வைத்தாள். தானே பேச வேண்டும்; கையுறையோடு தொட்டால் போன் திரை எடுக்காது. வெள்ளைக் கையுறையின் நடுவிரல் நுனியைப் பல்லால் கவ்வி இழுக்கத் தொடங்கினாள். போன் அவன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது.