தோற்கத் தெரியாத செஸ் புரோகிராம்

கேட்டதற்கெல்லாம் "முடியும்" என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை வீட்டுக்கு வந்தபிறகு தேடுவதுதான் எங்கள் சாஃப்ட்வேர் தொழில். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டியவர் என்றால் இதற்குமேல் விளக்க வேண்டாம்.

மாமல்லபுரத்தில் ஓட்டல் வைத்திருக்கும் காதர் பாய், ரிசப்ஷன் டிவியில் விருந்தாளிகள் ஆட ஒரு செஸ் விளையாட்டு கேட்டார். நெட்டில் கிடைப்பது வேண்டாம், சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும் என்றார். நன்றாக வந்தால் ஓட்டலின் மொத்த கம்ப்யூட்டர் வேலையும் எங்களுக்கு. சொதப்பினால் நானும் பார்ட்னர் சுரேஷும் திருப்போரூர் ஆபீசைப் பூட்டிவிட்டு, பழையபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

பாதியில் நின்ற பாடம்

தேடினால் செஸ் ஆடச் சொல்லித்தரும் வீடியோக்களே வந்து குவிந்தன. புரோகிராம் எழுதச் சொல்லித்தந்தவர் ஒரே ஒருவர். பலகை வரைந்தார், காய்களை நகர்த்தினார், கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கும் என்பதை அடுத்த பாகத்தில் பார்ப்போம் என்றார். அடுத்த பாகம் வரவே இல்லை. வீடியோவுக்குக் கீழே கமெண்டில் அதைக் கேட்டு ஊர் உலகமே கெஞ்சிக்கொண்டிருந்தது. சுரேஷ் எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், அந்தாளுக்கு வேலை கெடைச்சிட்ச்சி போல. நமக்குத்தான் போவப் போவுது."

எண்ணிப் பார்

இணைய மன்றம் ஒன்றில் எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டேன். பதில் சொல்ல வந்தவர்கள் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு புண்ணியவான் மட்டும், முதலில் காய்கள் நிற்கும் ஒரு நிலையிலிருந்து எத்தனை விதமாக ஆட முடியும் என்று புரோகிராமை எண்ணவிடு, சரியான விடை நெட்டில் இருக்கிறது, ஒத்துப்போகும்வரை அடுத்த வேலைக்குப் போகாதே என்று எழுதினார்.

எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு தேடியதில், எதிரி குறிவைத்த கட்டத்தைத் தாண்டி எங்கள் ராஜா யானையோடு இடம் மாறி ஜாலியாகக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அது சட்டப்படி தப்பு. திருத்தியதும் கணக்கு அச்சாகப் பொருந்தியது. எனக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம். சுரேஷ் மட்டும் யோசித்தான்.

"நாம கடைங்களுக்குப் போட்டுக் குடுத்த பில்லு சாஃப்ட்வேரையும் இப்டி டெஸ்ட் பண்ணிருந்தா, ஒரு கடைக்காரனும் போன்ல திட்டிருக்க மாட்டான் மச்சான்."

கண்ணுக்கு எட்டும் தூரம்

வெள்ளோட்டத்தில் பாய், புரோகிராமின் ராணியை வசமாக மடக்கினார். அதுவோ சிப்பாய்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் தள்ளிப் பலி கொடுத்து நேரம் கடத்தியது. அடுத்த சில நகர்த்தல்கள் வரைதான் அதற்குக் கண் தெரியும். ராணி சாவதை அதற்கு அப்பால் தள்ளிவிட்டால், சாவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். வெட்டுக்குத்து ஓயும்வரை பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். அசடு வழிய விளக்கினேன். பாய் சிரித்தார்.

"நம்ம மேனேஜரும் இப்டித்தான் தம்பி. ஏசி ஓடலன்னு கெஸ்ட் கத்துனா ஜூஸ் குடுப்பான், கேக் குடுப்பான், ஏசியை மட்டும் பாக்க மாட்டான்."

வந்தவரெல்லாம் காலி

திருத்திய புரோகிராம் வந்தவரையெல்லாம் வெளுத்துக் கட்டியது. பாய் கூப்பிட்டனுப்பினார். பாராட்டு என்று நினைத்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். கல்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த இன்ஜினியர் ஒருவர், மாமனார் கண்ணெதிரே தோற்றிருக்கிறார்.

"நாஸ்தாகூட துன்னாம ரூமைக் காலி பண்ணிட்டாரு தம்பி. இதுக்குக் கொஞ்சம் தோக்கக் கத்துக்குடு, அப்பால மத்த வேலையப் பேசலாம்."

ஜெயிக்கவைக்கும் பாடங்கள் தேடத் தேடக் கிடைக்கின்றன, விருந்தாளிக்குச் சந்தேகம் வராமல் தோற்கும் பாடத்தை மட்டும், ஓட்டல் வேலை கைநழுவிப் போவதற்குள் நாங்களே எழுதியாக வேண்டும்.