பெரியப்பாவின் அறுவை

‘அறுவை’ என்ற சொல்லை எங்கள் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அப்போது அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டில் விடுதியில் தங்கி ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சேலத்துப் பிள்ளைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் நம்மைப் பிடித்து உட்காரவைத்து, இப்படி இரு, அப்படி இராதே என்று ஓயாமல் புத்தி சொன்னால் அது அறுவை; அவர் அறுக்கிறார். வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில், மணிக்கட்டின் மேல் ஒரு விரலை ரம்பம்போல இழுத்துக் காட்டினால் போதும். சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பெரியப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பெரியப்பா எங்கள் எஸ்டேட் கோயிலின் உபதேசியார். நாகலூரிலிருந்தும் உள்ளே தள்ளி இருந்த எங்கள் கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்லி, வேதம் வாசித்து, நாலு நல்ல வார்த்தை பேசுவது உபதேசியார் பாடு. பெரியப்பாவுக்கு நாலு வார்த்தை எந்த மூலைக்கு? பொய் சொல்லாதே, புறம் பேசாதே, அடுத்த வீட்டுக் கோழியை ஆசையாய்ப் பார்க்காதே என்று போய்க்கொண்டே இருப்பார். எல்லாவற்றையும்விடச் சோம்பலின் கேட்டைப் பற்றிப் பேசத்தான் அவருக்குப் பிடிக்கும். அதற்கு மட்டும் முழுதாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் பெண்கள் சுவரில் சாய்ந்து தூங்குவார்கள். முதலில் தலை சாய்வது என் அம்மாவுக்குத்தான். பெரியப்பா யாரையும் எழுப்பியதில்லை. குரலை இன்னும் தாழ்த்திக்கொள்வார்.

காப்பிப் பழம் பழுக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் பறிக்கப் போக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னவளுக்கு மறுநாள் செங்குத்துச் சரிவில்தான் பறிப்பு. ஆனால் ஜெபம் முடியாமல் யாரையும் கூப்பிடக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். பதினொரு மணி தாண்டிவிட்டால் அன்றைக்கு வேலையே கிடையாது. ஆட்களைப் பிரித்து அனுப்பும் ரைட்டர், கையில் விசிலோடு கோயில் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். உள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பெரியப்பா பேசுவார். இவ்வளவும் எனக்குத் தெரியும். சேர்த்துப் பார்க்கும் புத்திதான் இல்லை.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்கு வந்து, உட்கார்ந்த உடனே கண்ணை மூடிவிட்டாள். நான் முன்வரிசையில் பிள்ளைகளோடு இருந்தேன். அவர்களுக்கு முந்தின நாளே வித்தையைக் கற்றுக்கொடுத்தாயிற்று. பெரியப்பா சோம்பலைத் தொட்டதும் நான் மணிக்கட்டில் விரலை இழுத்தேன். வரிசை முழுவதும் இழுத்தது.

பெரியப்பா பேச்சை நிறுத்தினார். கோபமில்லை. “அதென்ன கண்ணு, எல்லாரும் கையில இழுக்கறீங்க?” என்று என்னைத்தான் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல எழுந்து நின்றேன். “அதுக்கு அறுவைன்னு பேருங்க பெரியப்பா. நீங்க நொம்ப நேரம் புத்தி சொல்றீங்க இல்லீங்களா, அதாங்க.”

கோயிலில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. வாசலில் நின்ற ரைட்டர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். “ஏனுங்க உபதேசியாரே, பாப்பாவே சொல்லிப்போடுச்சு. முடிச்சுக்கலாமுங்களா?”

பெரியப்பாவின் காதுமடல் சிவந்தது. புத்தகத்தை மூடினார். கடைசி ஜெபத்தில் இரண்டு இடத்தில் வார்த்தை தடுமாறியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டபோது மணி பத்து பத்து.

ரைட்டர் விசில் ஊதினார். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கம்பளியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பனிக்குள் போனாள். நான் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகள் புடைசூழ, ஒரு ராணியைப்போல வீட்டுக்கு நடந்தேன். இதை எழுதும்போதுகூட முகம் எரிகிறது.

அதன்பிறகு பெரியப்பா நீட்டிப் பேசியதே இல்லை. கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அவர் சாகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்த வயதில், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று கதவோரம் நின்றேன். அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, வெகுநேரம் கைகளைக் காட்டிக் காய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்க பெரியப்பா என்ன பேசுவாருன்னே எனக்குத் தெரியாது சாமி. ஒரு நாளும் நான் முழிச்சிருந்து கேட்டதில்ல,” என்றாள். “நொம்ப நேரம் பேசுவாரு. அது மட்டுந்தான் தெரியும்.”

அம்மாவும் என் கட்சிதான் என்று நினைத்து, நான் சிரித்தேன்.