ஊசி வைக்காத ஹெல்மெட்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அறுபத்தெட்டு ஹெல்மெட்டுகளின் உள்பைகளில் காற்று கசிகிறதா என்று பார்த்தது. டிசம்பர் மாதம், ஞாயிறு மதியம், கல்லூரி மைதானத்தின் சாமான் அறை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து வலப்பக்கம் வைத்தார். நான் அதை எடுத்துத் துடைப்பதுபோல் மறுபடி பார்த்தேன். நான்கில் முகக்கம்பியின் திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கினேன்.

"என்ன லொரேன், எனக்குப் பின்னாடியே இன்ஸ்பெக்ஷனா?"

"தூசி துடைக்கிறேம்ப்பா."

"தூசிக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். முன்பெல்லாம் அவர் பார்த்து வைத்த ஹெல்மெட்டில் ஒரு திருகாணிகூடத் தளர்ந்திருக்காது.

அப்பா பெயர் ஆர்லன் பெட்வே. பள்ளிப் பேருந்து கட்டும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர், முப்பத்தொரு வருடம் முன்னால் இந்தக் கல்லூரிக்கு வந்தார். எங்கள் அலபாமாவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் பிடித்து ஓடி, தலையோடு தலை மோதும் ஆட்டம். அந்தத் தலைகள் அப்பாவின் பொறுப்பு. ஹெல்மெட்டின் உள்ளே காற்றுப் பைகள் உண்டு. வீரன் தலையில் மாட்டியபிறகு, ஊசியைக் கிளிசரினில் நனைத்துப் பையின் துளையில் செருகி, பம்பால் காற்றடிப்பார். முகக்கம்பியைப் பிடித்து ஆட்டுவார். நெற்றித் தோல் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் அசைந்தால் இன்னும் காற்று.

ஆட்டத்தன்று பந்தைப் பார்க்கவே மாட்டார். தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து, "ஜெயிச்சோம்ல?" என்று என்னைக் கேட்பார்.

நவம்பரில் ஒரு நாள் தன் டிரக்கின் முன்னால் நின்று, கையிலிருந்த சாவிகளில் எது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். மறுவாரம், மூன்று வருடமாகத் தெரிந்த பையனின் பெயரைக் கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆட்டம் முடியட்டும் என்றார். பருவம் முடிந்தபின் தேர்ந்தெடுத்த அணிகளை மட்டும் அழைத்து நடத்தும் ஆட்டம் அது. எங்கள் கல்லூரிக்குப் பதினோரு வருடம் கழித்து அழைப்பு வந்திருந்தது.

"இந்த ஒண்ணு மட்டும்மா. அப்புறம் நானே ரூம் சாவியைக் கொடுத்துடறேன். ஆபீஸ்ல சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை. என் வேலை கொதிகலன்களின் அழுத்தத்தைச் சோதிப்பது. ஒரு அளவுமானி சந்தேகமாக இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுவேன். அப்பாவை விட்டுவைத்தேன்.

தொழில்முறை அணிகளுக்குப் போகக்கூடிய வீரர்கள் இந்தக் கடைசி ஆட்டத்தில் ஆடுவதில்லை. அடிபட்டால், ஏப்ரலில் நடக்கும் தேர்வில் அவர்களை எந்த அணியும் எடுக்காது. எங்கள் அணியில் மூன்று பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். நான்காவதாக ஒதுங்கியிருக்க வேண்டியவன் க்வின்டெல் மோஸ்லி. பின்வரிசையில் நின்று, ஓடி வருபவனைத் தாக்கி வீழ்த்துகிறவன். ஆடாதே என்று ஊரே சொன்னது. அவன் சாமான் அறைக்கு வந்து அப்பாவின் தோளில் கை போட்டானாம்.

"என் தலை உங்க கையில இருக்கு பெரியவரே. எனக்கென்ன பயம்?"

அப்பா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் முதல்முறை சொல்வதுபோல.

ஆட்டம் நியூ மெக்சிகோவில், மலைமேட்டில். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆட்டத்தன்று காலை அவரைப் போனில் கூப்பிட்டேன். ஹெல்மெட்டுகளை ஹோட்டலின் சூட்டில் தலைகளுக்குப் பொருத்தியிருந்தார். மைதானத்தில் குளிர் உறைநிலைக்குக் கீழே. குளிரில் காற்றுச் சுருங்கும், பை தளரும்.

"வெளியில வந்தப்புறம் திரும்பவும் எல்லாத் தலையும் பாக்கணும்ப்பா."

"எனக்கே பாடமா? நீ டயப்பர்ல இருந்தப்பவே நான் குளிர்ல காத்தடிச்சவன்."

தொலைக்காட்சியில் நானும் பந்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது கால் பகுதியில் க்வின்டெல் குனிந்து பாய்ந்தான். மோதல். அவன் ஹெல்மெட் தனியாகக் கழன்று உருண்டது. அவன் எழுந்தான், கையை ஆட்டினான். மைதான ஓரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய் மருத்துவர் ஏதோ கேட்டார். பத்து நிமிடத்தில் மறுபடி உள்ளே வந்தான். கடைசி நிமிடத்தில் எதிரணியின் பந்தைப் பறித்ததும் அவன்தான். மூன்று புள்ளியில் ஜெயித்தோம். மறுநாளே தொழில்முறைக்குப் போகிறேன் என்று அறிவித்தான். ஊரில் கார்களெல்லாம் ஹாரன் அடித்தன.

புத்தாண்டு அன்று எங்கள் ஊர் வழக்கப்படி காராமணியும் கீரையும் சமைத்தேன். அப்பா கரண்டியைத் தொடவில்லை. ஆட்டத்தன்று தலை தலையாகப் பார்த்து டிக் போட்ட பட்டியலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"மைதானத்துக்கு வந்தப்புறம் க்வின்டெல் ஹெல்மெட்ல நான் ஊசியே வைக்கல லொரேன்."

"வச்சிருப்பீங்கப்பா. இதோ டிக் போட்டிருக்கே."

"டிக் கை பழக்கத்துல போட்டது. அவன் வந்தான், கட்டிப்பிடிச்சான், என்னமோ ஜோக் அடிச்சான். நான் டிக் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டேன். அது உருண்டப்பதான் ஞாபகம் வந்துச்சு."

ஹெல்மெட் சரியாக இருந்தாலும் அந்த மோதலில் கழன்றிருக்கலாம் என்றேன். அது உண்மைதான். ஆனால் அப்போது எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

ஜனவரி நடுவில் அவன் அம்மா ஒடெஸ்ஸா அப்பாவுக்குப் போன் செய்தார். எங்கள் கல்லூரியில், தொழில்முறைக்குப் போகிறவனின் ஹெல்மெட்டை அப்பாவே கொண்டுபோய் வீட்டில் கொடுப்பது வழக்கம். எப்போது வருவீர்கள், என்ன சமைக்கட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: பையன் பகலெல்லாம் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடக்கிறான், சாப்பாட்டு மேஜையில் கறுப்புக் கண்ணாடி போடுகிறான், பெரிய ஆளாகிவிட்டான் என்று நினைப்பு.

அப்பா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு வெளிச்சம் தாங்கல, தலை வலிக்குது. மறைக்கிறான்."

பிப்ரவரி கடைசியில் எல்லா அணிகளின் மருத்துவர்களும் அவனைப் பரிசோதிப்பார்கள். தலைவலி என்று சொன்னால் தேர்வுப் பட்டியலில் கீழே இறங்குவான், ஒருவேளை விழுந்தேவிடுவான். சொல்லாமல் மறைத்து மறுபடி ஒரு மோதல் வாங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு அப்பா போயிருக்கிறார்.

"நான் போய்ச் சொல்றேன். அது லூஸா இருந்துச்சுடா, உன் மேல தப்பில்ல, டாக்டர்கிட்ட போன்னு. நான் சொன்னா கேப்பான்."

"போன்ல சொல்லுங்களேன்."

"அது போன்ல சொல்ற விஷயமா?"

முப்பத்தொரு வருடப் பெயர் ஒரு நாளில் போய்விடும் என்றேன். வழக்கு வரலாம் என்றேன். அவனுக்கு ஒன்றும் இருக்காது என்றும் சொன்னேன். அதை அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"உனக்கும் பயமா இருக்குல்ல? அப்ப எதுக்குத் தடுக்கிற?"

வியாழக்கிழமை காலை கிளம்பினார். பத்து நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில் டிரக்கை ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்திருந்தார். மூளையில் ரத்தக்கட்டு. பழைய சிறு கட்டுகளும் படத்தில் தெரிந்தன. குறைந்தது இரண்டு மாதப் பழசு என்றார் மருத்துவர். எனக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும்.

அடக்கத்துக்கு க்வின்டெல் வந்தான். தேவாலயத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "அவர் கை வச்ச ஹெல்மெட்டாலதான் அக்கா அன்னைக்கு நான் தப்பிச்சேன்," என்றான். பாட்டுச் சத்தத்தில் அவன் கண்களைச் சுருக்குவது கண்ணாடியின் பக்கவாட்டில் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். மூடிக்கொண்டேன்.

மறுநாள் டிரக்கை எடுத்துவரப் போனேன். பக்கத்து இருக்கையில் க்வின்டெலின் ஹெல்மெட் இருந்தது. சீட் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். உள்ளே மடித்த தாள். மேலே ஒடெஸ்ஸா வீட்டு விலாசம். கீழே, மறந்துவிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் இரண்டு வரி:

ஊசி வைக்கலன்னு முதல்ல சொல்லணும்.
அப்புறம் சாப்பிடணும்.

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு இன்னும் நாற்பத்தொரு மைல்.