நிழல் போடக் கூடாது

வீட்டில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். பென்சில் கையில் கிடைத்தால் சுவர், காலண்டர், தம்பியின் மாவுக்கட்டு எதுவும் தப்பாது. தம்பி கால் உடைந்து கிடந்தபோது, அவனைப் பார்க்க வந்தவர்களைவிட அவன் கட்டைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். “எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் நான் பட்டனை அமுக்கினாத்தான் மேல போகலாம்” என்று அடித்துவிடுவார். மகளும் ஒருநாள் வெள்ளைக் கோட்டோடு அந்த லிஃப்டில் ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. அவளுக்கோ ஊர்க்கோடியில் இருக்கும் ஓவியப் பள்ளி மேல்தான் கண். அங்கே சேர இன்றுதான் கடைசி நாள். பள்ளியில் அறிவியல் பிரிவுக்கான தேர்வும் இன்றுதான். ஏறுகிறவர்களை எல்லாம் “எந்த மாடி?” என்று கேட்கிற மனுஷன், அவளை மட்டும் கேட்காமல் ஸ்கூட்டரை அறிவியல் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆய்வகத்தில், செடித்தண்டின் மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும்.

“கோடு மட்டும்தான். நிழல் போடக் கூடாது. போட்டா சீட் இல்ல,” என்றார் டீச்சர்.

மற்றவர்கள் புத்தகப் படத்தை மனப்பாடத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். அதுதான் வினை. சீவலின் ஓரம் மடிந்திருந்தது. மடிப்புக்குள் இருட்டு பதுங்கிக் கிடந்தது.

வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்பா. பாவம், நிழல் கூடாது என்பது அவருக்கு என்ன தெரியும்? போடு, போடு என்று தலையை ஆட்டினார். அவள் கட்டைவிரல் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் பென்சில் கரியை மெல்லத் தேய்த்தது.

“என்னடி இது?” டீச்சர் பின்னாலேயே நின்றார்.

“மடிஞ்சிருக்கு டீச்சர். உள்ள இருட்டா இருக்கு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

“இருக்கு. வேற யாரும் கவனிக்கல. ஆனா சட்டம் சட்டம்தான்.” ரப்பரை மேசையில் வைத்தார். “அழிச்சிடு. சீட் உனக்கு.”

எடுத்தாள். படத்தின் மேல் வைத்தாள். ஜன்னலில் அப்பா மூச்சுவிடக் காணோம். ரப்பரை டீச்சர் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“வேணாம் டீச்சர்.”

வெளியே அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அழிச்சுத் தொலைச்சிருந்தா என்ன?”

“அங்க இருக்குதுப்பா. இருக்கிறத எப்படி அழிக்க?”

அப்பா ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. யாரையோ உதைப்பதுபோல் மறுபடி உதைத்தார். பின்னால் ஏறிக்கொண்டாள், அவரைத் தொடாமல்.

சாலை பிரியும் இடத்தில் வண்டி நின்றது. இடது பக்கம் வீடு. வலது பக்கம் ஊர்க்கோடி. பின்னால் பஸ் டிரைவர் ஹாரனை அலறவிட்டார்.

“யோவ், நடு ரோட்ல குடித்தனமா நடத்துற?”

அப்பா அசையவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வேலை நேரத்துக் குரலில் கேட்டார்:

“எந்த மாடி?”

“ஓவியப் பள்ளிப்பா.”

“லிஃப்ட் போகாத மாடி அது. கெட்டியாப் பிடிச்சுக்க.”

பிடித்தாள். அவருடைய வெள்ளை யூனிஃபார்ம் முதுகில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

“ஐயோ, கரி ஒட்டுதுப்பா!”

“ஒட்டட்டும். நீ என்ன வரைவேன்னு அங்க கேட்டா, முதுகைக் காட்டுறேன்.”